ஈசானிய மூலைத் தொட்டி

எங்கள் அக்கா திலகவதியை அன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. நர்ஸம்மா என்றால் தெரியும். முப்பத்தொரு வருஷம் கிராம சுகாதார செவிலியர் வேலை. வெயிலோ மழையோ, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். தடுப்பூசி போடுவதோடு விட மாட்டாள். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பாள், சாக்கடையைப் பார்ப்பாள், எவன் வீட்டிலாவது கக்கூஸ் கட்டுகிறார்கள் என்றால் வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுவிடுவாள். செப்டிக் டேங்குக்குக் காற்றுக் குழாய் நட்டு, அதன் தலையில் வலை கட்டும் வரை அந்த வீட்டுக்காரனுக்கு நிம்மதி கிடையாது.

அப்படிப்பட்டவள் தன் வீட்டுக் காற்றுக் குழாயைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டாள். அறுக்கச் சொன்னவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் அடிப்பாவி என்று திட்டுவதானால் இப்போதே திட்டிவிடலாம், பாதியில் நிறுத்த வேண்டாம்.

என் பெயர் அன்புமொழி. அன்னவாசலில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் அப்பா இரண்டு பெண்களுக்கும் நல்ல தமிழ்ப் பெயராக வைத்தார். ஆனால் அன்பும் பொறுமையும் மொத்தமாக அக்காவுக்குப் போய்விட்டது, எனக்கு வாய் மட்டும் மிச்சம்.

அக்கா வீடு புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. மாமா ரத்தினவேல் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கட்டியது தொண்ணூற்றெட்டில். மனையின் பின்பக்கம் முழுக்கச் செம்பாறை. கடப்பாறையைப் போட்டால் பொறி பறக்கும். முன்பக்கத்தில் வடகிழக்கு ஓரமாகத்தான் மண் கொஞ்சம் இளக்கம். கொத்தனார் அங்கே குழி வெட்டித் தொட்டியைக் கட்டிவிட்டார். அது ஈசானிய மூலை, சாமிக்குரிய இடம் என்றெல்லாம் அன்றைக்கு யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தொட்டியை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. "எங்க வீட்டு டேங்க் நெறைஞ்சதே இல்ல" என்று மாமா ஊரெல்லாம் பெருமை பேசுவார், என்னவோ பெற்ற பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய மாதிரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. புதுக்கோட்டையிலேயே டயாலிசிஸ் உண்டுதான். ஆனால் ஊசி ஏற்றக் கையில் வைத்த நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டதால், அந்த ஆபரேஷனைச் செய்த திருச்சி டாக்டரிடமே போக வேண்டியதாகிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் பஸ். போகும்போது உட்கார்ந்து போவார். வரும்போது அக்கா மடியில் சாய்ந்து வருவார். ஆனி மாதத்தில் ஒருநாள் கீரனூர் தாண்டியதும் பிரஷர் இறங்கி பஸ்ஸிலேயே மயங்கிவிட்டார். டாக்டர் அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார், இனி இந்த அலைச்சல் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடி வந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் பஸ்ஸிலேயே முடிந்துவிடும் என்று.

பென்ஷன் மருந்துக்கே சரியாகப் போகிறது. ஒரே மகள் பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஆக, வீட்டை விற்றால்தான் திருச்சி. விற்காவிட்டால் அந்தப் பஸ்தான்.

விற்பதற்கு என்ன, ரோட்டோரத்து வீடு, நல்ல தண்ணீர், தெருவே விரும்பும் வீடுதான். ஆனால் வந்தவர்கள் யாரும் வீட்டைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் முன் மூலையில் ஓங்கி நின்ற அந்தக் காற்றுக் குழாயில்தான் போய் விழுந்தது. முதலில் வந்தவர் பைக்கை விட்டுக்கூட இறங்கவில்லை. "ஈசானியத்துல கக்கூஸ் தொட்டியா?" என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். இரண்டாவது ஆள் போர்ட்டிகோ வரை வந்தார். மூன்றாவதாக வந்த அம்மாள், வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனதே இந்தத் தொட்டியால்தான் என்று மாமா காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைச் செருப்பால் அடித்திருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடி மாதம் யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று நான்தான் திட்டம் போட்டேன். குழாயைத் தரைமட்டத்துக்கு அறுத்து மூடி போட்டுப் பூசிவிடுவது. தொட்டி மூடிகளின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடுவது. அதற்கும் மேலே கொல்லையில் இருக்கிற துளசி மாடத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவது. பின்னால் வடமேற்கில், வாஸ்துவுக்கு ஒத்துப்போகிற வாயு மூலையில், கக்கூஸ் குழாய்கள் வந்து சேருகிற சின்னத் தொட்டி ஒன்று உண்டு, கேட்டால் அதைக் காட்டிவிடுவது.

அக்கா கேட்ட ஒரே கேள்வி, "கேஸு எங்கிட்டுடி போகும்?"

"கேஸு எங்கிட்டும் போகட்டும். இப்படியே அலைஞ்சா மாமா போயிருவாரு. எது ஒனக்கு வேணும்?" என்றேன்.

ரம்பத்தை வாங்கிக்கொண்டு போய் அவளே அறுத்தாள். கட்டிலில் படுத்திருந்த மாமா என்ன சத்தம் என்று கேட்டார். வேண்டாத குழாய் ஒன்று கிடந்தது என்று நான் பதில் சொன்னேன்.

ஆவணி பிறந்து பத்து நாளில் மலையாண்டி வந்தார். அரிமளம் பக்கத்து விவசாயக் குடும்பம். பதினெட்டு வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். டேங்க் எங்கே என்று கேட்டார். நான் கூட்டிக்கொண்டு போய் வாயு மூலையைக் காட்டினேன். கச்சிதம் என்றார். முன்வாசலில் ஈசானியத்தில் துளசி மாடம் இருந்ததைப் பார்த்து அவர் மனைவி பொன்னுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அட்வான்ஸ் கைமாறியது. பத்திரப் பதிவு திங்கட்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் பார்த்து மழை கொட்டியது. புதன்கிழமை கக்கூஸில் குமிழி வர ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஊற்றிய தண்ணீர் இறங்கவே இல்லை. அக்கா எனக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் நான் அங்கே இருந்தேன், மதுரைவீரனின் லாரியும் வந்துவிட்டது. லாரி அவருக்குச் சொந்தம். நாற்பத்தைந்து வயதிருக்கும், அளந்து பேசுகிற மனிதர். எங்கள் கணக்கு இதுதான்: பத்தரைக்குள் உறிஞ்சி முடித்து, மூடி போட்டு, துளசி மாடத்தைத் திரும்ப வைத்து, பினாயில் தெளித்துவிட்டால், அக்காவும் மாமாவும் திருச்சி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம், மத்தியானம் நான் இருந்து வீட்டைக் காட்டினால் மலையாண்டிக்கு ஒன்றும் தெரியாது.

துளசி மாடத்தை நகர்த்தி டைல்ஸைப் பெயர்த்ததும் மதுரைவீரன் சுற்றுமுற்றும் பார்த்தார். கேஸ் பைப் எங்கே என்று கேட்டார். அக்கா பூசி மறைத்த இடத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"எங்க ஊருக்கு வந்து எங்க அய்யாகிட்டச் சண்டை போட்டுக் கொழாய் வைக்க வச்சது நீங்கதான நர்ஸம்மா" என்றார்.

அக்கா முகம் செத்துப்போய்விட்டது. அவர் எங்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளக் கடப்பாறையால் இரண்டு மூடிகளையும் நெம்பித் தள்ளினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரப் போய் நின்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் ஹோஸை விட்டார். மேலிருந்த தண்ணீரை உறிஞ்சியதுமே லாரி நிறைந்துவிட்டது. அடியில் இருபத்தாறு வருஷத்துச் சகதி அப்படியே கிடந்தது. கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து இரண்டாவது நடை எடுக்க வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றார். லாரியில் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார்.

"தொட்டிப் பக்கம் யாரும் போவாதீங்க. இவ்வளவு நாளா மூச்சு விடாமக் கெடந்த தொட்டி. இப்பத் தொறந்து வச்சிருக்கோமேன்னு நெனைக்காதீங்க, வெசம் அடியிலதான் நிக்கும். கலக்கிவிட்டா மேல வரும்."

லாரி போன ஐந்தாவது நிமிஷம், மணி எட்டு நாற்பது இருக்கும், வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மலையாண்டியும் பொன்னுத்தாயும் இறங்கினார்கள். மத்தியானம் வருகிறேன் என்று சொன்ன ஆள். ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் வந்து வீட்டுக்குள் கால் வைத்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்களாம். துளசி மாடம் ஒரு பக்கம், பெயர்த்த டைல்ஸ் ஒரு பக்கம், நடுவில் இரண்டு குழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நாற்றம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

மலையாண்டி முகம் சுருங்கிவிட்டது. இது என்ன என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். பொய் சொல்வதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டாம், அது ஒரு சாபம். இது பழைய தண்ணீர்த் தொட்டி, வீடு கட்டிய புதிதில் குடிதண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள், போர் போட்ட பிறகு மூடிவிட்டார்கள், மழையில் சாக்கடைக் குழாய் கசிந்து உள்ளே இறங்கிவிட்டது, உங்களிடம் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமே என்றுதான் லாரியைக் கூப்பிட்டோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சுருங்கிய முகம் மலர்ந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் குடும்பம் செழிக்கும் என்பது அவர் நம்பிக்கை. இத்தனை நாளாக இதைச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார். மூட வேண்டாம், நன்றாகக் கழுவி டைல்ஸ் ஒட்டிக் குடிதண்ணீருக்கே வைத்துக்கொள்ளலாம் என்று பொன்னுத்தாயிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே மாமாவைப் பார்க்க உள்ளே போனாள்.

அப்பாடா, தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். அதற்குள் அவர் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். பூச்சு எப்படி இருக்கிறதென்று உள்ளே இறங்கித் தட்டிப் பார்த்துவிடுகிறேன் என்றார். கொத்தனாராக இருந்து பழகிய கை, சுவரைக் கண்டால் தட்டாமல் இருக்காது. நாற்றமடிக்கிறது, லாரி வந்து மிச்சத்தை எடுக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"சிங்கப்பூர்ல நான் எறங்காத சாக்கடையா. தண்ணித் தொட்டிதானம்மா" என்றார்.

ஏணியை உள்ளே விட்டார். அது சகதியில் ஒரு முழம் இறங்கி நின்றது. சகதி கலங்கி, புளுபுளுவென்று குமிழி கிளம்புவது எனக்கே கேட்டது. போனையும் செருப்பையும் போர்ட்டிகோப் படியில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

அக்கா என் பக்கத்தில் நின்றாள். அவள் உடம்பு ஒரு அடி முன்னால் போனது எனக்குத் தெரிந்தது. அவள் பேசப்போகிறாள் என்பதும் தெரிந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் சும்மா இல்லை, வளையல் அழுந்தும்படி பிடித்தேன். இரண்டு படி இறங்கிப் பார்த்துவிட்டு நாற்றம் தாங்காமல் தானே ஏறிவிடுவான், எதற்காக எல்லாவற்றையும் கெடுக்க வேண்டும் என்று என் மனசு கணக்குப் போட்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அதை மட்டும்தான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர் முதல் படியில் கால் வைத்தார். பிறகு இரண்டாவது படி. இடுப்பு வரை உள்ளே போய்விட்டார்.

"எறங்காதீங்க" என்றாள் அக்கா. சத்தமாகக்கூட இல்லை. ஊசி போடும்போது பிள்ளைகளை அசையாதே என்பாளே, அந்தக் குரல். "அது கக்கூஸ் தொட்டி. நாங்க சொன்னது பொய்யி. கேஸ் பைப்ப நாந்தான் அறுத்தேன். உள்ள வெசம் நிக்கிது. மூச்ச அடக்கிக்கிட்டு மேல வாங்க."

அவர் எங்களைப் பார்த்தார். புரியவில்லை. என்ன என்று கேட்பதற்காகக் குனிந்தவர், அந்த ஒரு மூச்சை உள்ளே இழுத்திருக்க வேண்டும். இருமல் வந்தது. கண் இரண்டும் நீராக ஓட, ஏணியைப் பிடித்திருந்த கை நழுவியது. அக்கா என் பிடியை உதறிக்கொண்டு ஓடினாள். தரையில் மண்டியிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். அப்புறம்தான் எனக்குக் கால் வந்தது. நான் ஓடிப்போய் அவர் அக்குளில் கை கொடுத்தேன். அறுபத்து மூன்று வயது அவளுக்கு, எனக்கு அறுபது. எப்படி இழுத்தோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவரை வெளியே இழுத்துப் போட்டு, வேப்ப மரத்தடி வரைக்கும் தரையோடு இழுத்துக்கொண்டு போனோம். சத்தம் கேட்டு வெளியே வந்த பொன்னுத்தாய் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து நாடி பிடித்தாள். 108-ஐக் கூப்பிடச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்தார், தண்ணீர் கேட்டார். வந்தவர்கள் பார்த்துவிட்டு, எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒருநாள் இருக்கட்டும் என்றார்கள். மதுரைவீரன் இரண்டாவது நடைக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். தொட்டிக்குள் நின்ற ஏணியைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மலையாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க சித்தப்பா மகன் உள்ள விழுந்த வாளிய எடுக்கத்தான் எறங்குனான். அவனத் தூக்க இன்னொருத்தன் எறங்குனான். ரெண்டு பேரும் மேல வரல. ஒங்களக் கூப்புட்டு நிறுத்த ஆள் இருந்துச்சு" என்றார்.

மலையாண்டி அதைக் கேட்டாரோ கேட்கவில்லையோ. அவருக்குப் பேச்சு திரும்பியதும் முதலில் அக்காவைப் பார்த்துக் கேட்டது, ஈசானியத்தில் கக்கூஸ் தொட்டியை வைத்துக்கொண்டா துளசி மாடத்தைக் காட்டி எங்களை ஏமாற்றினீர்கள் என்பதுதான். சாவின் வாசல் வரை போய்விட்டு வந்த மனுஷன் மூலையைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை ஏது? அக்கா கை கூப்பினாள். அட்வான்ஸ் பணம் பீரோவில் கட்டு பிரிக்காமல் இருந்தது. கொண்டுவந்து பொன்னுத்தாயின் மடியில் வைத்தாள். பொன்னுத்தாய் ஆம்புலன்ஸில் ஏறுமுன் அக்காவின் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள்.

மதுரைவீரன் மீதியை எடுத்து முடித்தபோது மணி பத்தரை. அக்கா குளித்துவிட்டு வந்து மாமாவுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். சனிக்கிழமை அல்லவா, டயாலிசிஸ் உண்டு. வீடு விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன, பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நானும் கூடவே ஏறிவிட்டேன்.

மாமா ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பாதிதான் சொல்லியிருந்தோம். வீட்டு விற்பனை இல்லையென்று ஆகிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. பரவாயில்லை, பஸ் எனக்குப் பழக்கம்தானே என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அக்காவின் மணிக்கட்டில் வளையல் அழுந்திய தடம் சிவப்பாகத் தெரிந்தது. நார்த்தாமலை தாண்டியதும் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அக்கா, நான் ஒன்னையப் பேசவிடாமப் பிடிச்சேன், அந்த ஆள் செத்திருந்தா அது என் பாவம், என்னைய நாலு அறை அறைஞ்சுரு என்று அழுதேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அறையவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே, மாமா காதில் விழாமல், மெதுவாகச் சொன்னாள்.

"ஒன் கைய ஒதற எனக்கு எவ்வளவு நேரம்டி ஆகும்? மொதப் படியில அவரு கால வச்சப்பவே எனக்கு எல்லாம் தெரியும். ரெண்டாவது படியிலதான் வாயத் தொறந்தேன். நடுவுல அந்த ஒரு படி, நான் ஒங்க மாமா மொகத்தத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன்."